ஸ்பானிஷ்: 'குவாந்தோ'வுக்குப் பின் சப்ஜங்க்டிவா, இண்டிகேட்டிவா?

கேள்வி:
'குவாந்தோ' என்றால் '-போது'. 'குவாந்தோ யேகோ அ காசா, தே யாமோ' (வீடு போய்ச் சேரும்போது உன்னை அழைக்கிறேன்) சரி என்கிறார்கள். 'குவாந்தோ யேகோ அ காசா, தே யாமாரே' (சேரும்போது அழைப்பேன்) என்று எழுதினால் 'யேகோ'வை அடித்துவிட்டு 'யேகே' போடுகிறார்கள். நடப்பதை நேராகச் சொல்லும் வினைவடிவம் இண்டிகேட்டிவ் ('யேகோ'), சந்தேகம் இருந்தால்தான் மற்ற வடிவமான சப்ஜங்க்டிவ் ('யேகே') என்று படித்தேன். நான் வீட்டுக்குப் போவதில் என்ன சந்தேகம்? 'அவுங்கே'யிலும் ('இருந்தாலும்') இதே குழப்பம்.

பதில் 1:
சந்தேக விதியை மறந்துவிடுங்கள். 'மே அலேக்ரா கே எஸ்தேஸ் அகீ', நீ இங்கே இருப்பதில் மகிழ்ச்சி. ஆள் எதிரிலேயே நிற்கிறார், ஆனாலும் சப்ஜங்க்டிவ்தான்.

குவாந்தோவுக்குக் காலத்தைப் பாருங்கள். வழக்கமாக நடப்பது, நடந்து முடிந்தது இரண்டுக்கும் இண்டிகேட்டிவ். இனிமேல் நடக்க வேண்டியது என்றால் சப்ஜங்க்டிவ். உங்கள் முதல் வாக்கியம் தினப்படி வழக்கம்; இரண்டாவதில் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. அழுத்தத்தையும் கவனியுங்கள்: 'யேகே'யில் கடைசி அசையை அழுத்தினால் 'வந்து சேர்ந்தேன்' என்று இறந்தகாலமாகிவிடும்.

'எப்போது' என்று கேட்கும் குவாந்தோ வேறு. 'நோ சே குவாந்தோ வியேனே' (எப்போது வருகிறார் என்று தெரியாது), அங்கே இண்டிகேட்டிவ்தான். 'ஆன்தெஸ் தே கே' ('-வதற்கு முன்') வந்தால் யோசிக்கவே வேண்டாம், எந்தக் காலமானாலும் சப்ஜங்க்டிவ்.

பதில் 2:
அவுங்கேயில் கேள்வி வேறு: அந்தத் தகவலை நீங்கள் சொல்ல வருகிறீர்களா? 'அவுங்கே யுவேவே, சால்கோ': மழை பெய்கிறது என்று அறிவிக்கிறீர்கள், இருந்தும் கிளம்புகிறீர்கள். 'அவுங்கே யுவேவா, சால்த்ரே': பெய்தாலும் கிளம்புவேன், இங்கே சப்ஜங்க்டிவ். 'அவுங்கே சேயா து எர்மானோ, நோ லே பிரெஸ்தோ தினேரோ' என்பதில் அவன் உன் அண்ணன் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் புதுச் செய்தியாகச் சொல்லவில்லை, ஓரமாகத் தள்ளிவிட்டு 'கடன் தரமாட்டேன்' என்கிறார். அதனால் சப்ஜங்க்டிவான 'சேயா'. பாடப்புத்தகங்கள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான்.

பதில் 3:
சப்ஜங்க்டிவ் பழகியதும், 'அவர் வந்தால்' என்பதற்கு 'சி வேங்கா' என்று எழுத ஆரம்பிப்பார்கள். நிபந்தனைச் 'சி'க்குப் பின் நிகழ்கால சப்ஜங்க்டிவ் வராது: 'சி வியேனே' (இண்டிகேட்டிவ்) அல்லது 'சி வினியேரா' (இறந்தகால சப்ஜங்க்டிவ்) என்றுதான் வரும். 'கிசாஸ்' ('ஒருவேளை') இண்டிகேட்டிவ், சப்ஜங்க்டிவ் இரண்டையும் ஏற்கும், அதே பொருளுள்ள 'அ லோ மெஹோர்' இண்டிகேட்டிவை மட்டும்தான் ஏற்கும்.

கேட்டவர்:
அப்படியானால் 'புஸ்கோ உன் பீசோ கே தேங்கா தெர்ராசா'வில் (மொட்டைமாடி உள்ள வீடு தேடுகிறேன்) சப்ஜங்க்டிவான 'தேங்கா' ஏன்?

பதில் 2:
எந்த வீடு என்று இன்னும் முடிவாகவில்லை; மொட்டைமாடி இருந்தால் போதும். ஏற்கெனவே பார்த்துவைத்த வீட்டைத்தான் தேடுகிறீர்கள் என்றால் இண்டிகேட்டிவான 'தியேனே'.