ஏர் ரைபிளுக்கு மடக்குக் கட்டை போட்டதிலிருந்து குறி சிதறுது, தாழ்ப்பாளும் நழுவுது. என்ன செய்யலாம்?

தேன்கனி_10மீட்டர்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தேன்கனிக்கோட்டை. என்கிட்ட இருக்கறது .177 (குழல் துளை 0.177 அங்குலம்) ஸ்பிரிங் ஏர் ரைபிள், பேரலை மடக்கி லோடு பண்ற வகை. உரிமம் தேவைப்படாத பவர்தான், பில் கையில இருக்கு. பத்து மீட்டர்ல பேப்பர் டார்கெட் மட்டும் சுடறேன்.

தோள்ல வைக்கற மரக்கட்டையோட கழுத்துல, அதாவது ட்ரிகருக்குப் பின்னாடி கை பிடிக்கற இடத்துல, குறுக்கால விரிசல் விட்டிருந்தது. எப்படியும் அது உடையும்னு அந்த இடத்துலயே அறுத்து, கேட்டுக்குப் போடற கீல் ஒண்ணை இரும்புப் பட்டையோட வெல்டு பண்ணி, இடது பக்கமா மடங்கற மாதிரி மாட்டியிருக்கேன். நிமிர்த்தினா ஸ்பிரிங் தாழ்ப்பாள் விழுந்து பூட்டிக்கும். ஓசூருக்கு பைக்ல பயிற்சிக்குப் போறப்போ நீளம் பெரிய தொந்தரவு, அதுக்காகத்தான் இந்த வேலை.

இப்போ முன்னாடி ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள விழுந்துட்டிருந்த பெல்லட், உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுது. சுடச் சுட இடது பக்கமா கீழே இறங்கிட்டே போகுது. சைட்டை (குறி பார்க்கற பாகம்) திருப்பினா கொஞ்ச நேரம் சரியா இருக்கு, மறுபடியும் நகர்ந்துடுது. காக் பண்ணும்போது, அதாவது பேரலைக் கீழே இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும்போது, ஒரு தடவை தாழ்ப்பாள் நழுவிடுச்சு. கீலை மாத்தணுமா, தாழ்ப்பாளை மாத்தணுமா, இல்ல வேற எங்கயாவது கோளாறா? லீவு நாள்ல அஞ்செட்டி பக்கம் மாமா தோட்டத்துக்கும் எடுத்துட்டுப் போகணும்னு இருக்கேன், அதுக்குள்ள சரி பண்ணணும்.

லேத்_பட்டறை, கிருஷ்ணகிரி

தம்பி, குறி சிதறறதை அப்புறம் பார்க்கலாம். காக் பண்ணும்போது தாழ்ப்பாள் நழுவிச்சுன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அதுதான் பெரிய விஷயம். இந்த நிலைமையில அந்த ரைபிளைத் தொடாதீங்க.

பேரலைக் கீழே இழுக்கும்போது கட்டையோட அடியைத் தொடையிலயோ இடுப்புலயோ அழுத்தித்தான் இழுப்போம். ஸ்பிரிங் பாதி அமுங்கியிருக்கறப்போ கட்டை மடங்கினா உங்க பிடி போயிடும். பேரல் அதே வேகத்துல மேலே அடிச்சு மூடும். பெல்லட் வைக்கற இடத்துல விரல் இருந்தா எலும்பு உடையும். விரல் தப்பிச்சாலும் பேரல் மேல் பக்கமா வளைஞ்சுடும், அப்புறம் எந்த சைட்டும் உதவாது. ஏற்கெனவே ஒரு தடவை நழுவியிருக்கறதால பேரல் நேரா இருக்கான்னு ஒரு இரும்பு ஸ்கேலை மேல வெச்சுப் பாருங்க. அது நேரா இருந்தா மத்ததைப் பேசலாம்.

கீலைப் பத்தி: கேட் கீல்ல ஆட்டம் வேணும்னேதான் வெச்சிருப்பாங்க. மழையில துரு ஏறினாலும் கதவு திரும்பணும் இல்லையா. பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் இடைவெளி, கீலோட தாங்கு நீளம் 25 மி.மீ., அங்கிருந்து தோள்பட்டை முனை 280 மி.மீ. தூரம்னு வெச்சுக்கங்க. அந்த அரை மில்லிமீட்டர் தோள்பட்டையில ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல ஆட்டமா வந்து நிற்கும். முன்பக்கத்தைத் துணி சுத்தி வைஸ்ல லேசா பிடிச்சு, கட்டையோட முனையை மேலும் கீழும், இடமும் வலமும் அசைச்சுப் பாருங்க. கண்ணுக்கே தெரியும்.

மொரப்பூர்_ரயிலடி

லேத் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். நம்ம பக்கம் நிறைய பேர், சைட் ரெண்டும் இரும்புல தானே இருக்கு, கட்டை ஆடினா குறி ஏன் மாறணும்னு கேக்கறாங்க. ஸ்பிரிங் ரைபிள்ல அது செல்லாது. ட்ரிகரை விட்டதும் கனமான பிஸ்டன் முன்னாடி பாயுது, ரைபிள் பின்னாடி தள்ளப்படுது. பிஸ்டன் முனையில காத்து அமுங்கி அதை நிறுத்தும்போது ரைபிள் முன்னாடி எகிறுது. பெல்லட் பேரலை விட்டு வெளியே வர்றதுக்குள்ளயே ரைபிள் நகர ஆரம்பிச்சுடுது. அதனால அந்த நகர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கணும். முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காம திறந்த உள்ளங்கையில உட்கார வைக்கச் சொல்றது இதுக்குத்தான். உங்க கீல் ஒரு தடவை மேல் விளிம்புல முட்டி நிக்கும், அடுத்த தடவை கீழ் விளிம்புல நிக்கும். தோள் கொடுக்கற தாங்கல் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறுது.

ஆனா சுடச் சுட ஒரே திசையில நகர்றதுக்குக் கீல் மட்டும் காரணமா இருக்காதுன்னு நினைக்கறேன். கீல் ஆட்டம் நாலா பக்கமும் சிதறடிக்கும். ஒரே பக்கமா இறங்கினா ஏதோ தளர்ந்துட்டே வருதுன்னு அர்த்தம். முன்கட்டையோட ரெண்டு பக்க ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ, பேரல் திரும்பற போல்ட், பின் சைட்டோட ஸ்க்ரூ எல்லாத்துலயும் தலையிலிருந்து பக்கத்து மரம் அல்லது இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு மெல்லிய கோடு போடுங்க. கட்டை சரியான பிறகு ஒரு டப்பா பெல்லட் சுட்டுட்டுப் பாருங்க. எந்தக் கோடு உடைஞ்சிருக்கோ அதுதான் குற்றவாளி.

அரூர்_தோட்டம்

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். தாத்தா பேர்ல பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துல ஒத்தைக்குழல் துப்பாக்கி இருக்கு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு வாங்கறோம். அதோட கட்டையும் பழசாகி லொடலொடன்னு ஆடுது. இந்த மாதிரி மடக்குக் கட்டை அதுக்கும் போட்டுக்கலாமா? பட்டறை நம்மளுதே.

நெறியாளர்

ஐயா, அதுல கை வைக்காதீங்க. ஏர் ரைபிளும் அதுவும் சட்டத்துல ஒண்ணு இல்லை. 2016 ஆயுத விதிகள்படி .177 துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். உங்க தாத்தாவுடையது உரிமத்துல ஏறின துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கி செய்யறதுக்கும், மாத்தறதுக்கும், பழுது பார்க்கறதுக்கும் தனி உரிமம் வேணும். வெச்சுக்கற உரிமம் அதுக்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். மரம்தானே, இரும்பு இல்லையேன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. உரிமம் பெற்ற ஆயுத டீலர்கிட்ட உரிமப் புத்தகத்தோட தாத்தாவே கொண்டு போகட்டும்.

நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் கள்ளத் துப்பாக்கியை ஒப்படைங்கன்னு போலீஸ் மலைக்கிராமங்கள்ல அறிவிச்சுட்டுத்தான் இருக்கு. வீட்டுப் பட்டறையில துப்பாக்கி பிரிச்சுக் கிடந்தா அது உரிமம் உள்ளதுன்னு விளக்கறதுக்குள்ள குடும்பமே அலைய வேண்டியிருக்கும்.

தேன்கனி தம்பி, அஞ்செட்டி பயணத்தை விட்டுடுங்க. அந்தப் பக்கம் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இருக்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 31ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரோட எழுத்துபூர்வ முன் அனுமதி கேக்குது. அங்கே ஆயுதம்ங்கறதுல கத்தி, வலை, கண்ணி வரைக்கும் அடக்கம். உரிமம் வேண்டாத ரைபிள்னு செக்போஸ்ட்ல சொல்லித் தப்பிக்க முடியாது. அதுவும் மடங்கின கட்டையோட பைக்குள்ள ஒளிச்ச மாதிரி இருந்தா யாரும் டார்கெட் பயிற்சின்னு நம்ப மாட்டாங்க.

தேன்கனி_10மீட்டர்

நெறியாளர் அண்ணா, சரணாலய விஷயம் எனக்குத் தெரியாது. அஞ்செட்டிக்கு எடுத்துட்டுப் போகலை. பேரல் நேராத்தான் இருக்கு, ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். கீல்ல அண்ணன் சொன்ன ஆட்டம் அப்படியே இருக்கு, பக்கவாட்டுல இன்னும் அதிகம். முன்பக்க இடது ஸ்க்ரூ கையாலயே திரும்பற அளவுக்குத் தளர்ந்திருக்கு. கீலைக் கழட்டிட்டு அறுத்த கட்டையை மறுபடியும் ஒட்டினா தாங்குமா? ரெண்டு துண்டும் பத்திரமா வெச்சிருக்கேன்.

ஆசாரி_வீட்டுப்_பையன், பாலக்கோடு

தாங்கும். வெறும் பசையில மட்டும் தாங்காது. கழுத்துல மரத்தோட ரேகை பெரும்பாலும் சாய்வா ஓடும், விரிசல் வர்றதே அதனாலதான். முகத்தோடு முகம் வெச்சு ஒட்டினா அதே இடத்துல திரும்பவும் விடும். நடுவுல கம்பி வேணும்.

8 மி.மீ. திரெட் போட்ட கம்பி, கழுத்துக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது 60 மி.மீ. உள்ளே போகணும். ஓட்டையைக் கம்பியை விட ஒரு மில்லிமீட்டர் பெருசா போடுங்க, பசைக்கு இடம் வேணும். ரெண்டு துண்டுலயும் ஓட்டை நேருக்கு நேர் வர்றதுதான் இதுல கஷ்டமான வேலை. முதல் துண்டுல ஓட்டை போட்டு, தலை வெட்டின சின்ன ஆணியை அதோட மையத்துல நிறுத்தி, மத்த துண்டை அழுத்தினா புள்ளி விழும். டிரில் மெஷினைக் கையில பிடிச்சுப் போடாதீங்க, ஸ்டாண்டு இருக்கற பட்டறையில கொடுங்க. பசைக்கு 24 மணி நேரம் காயற எபாக்சி. அஞ்சு நிமிஷத்துல இறுகறது இந்த உதறலுக்கு ஆகாது. ரம்பம் தின்ன ரெண்டு மூணு மில்லிமீட்டர் குறையும், அந்த இடைவெளிக்குத் தேக்குத் தூளை எபாக்சியில குழைச்சு வைங்க. கம்பியை எண்ணெய் இல்லாம துடைக்க மறந்துடக் கூடாது.

புதுக் கட்டையே செதுக்கணும்னா நல்லா காஞ்ச வேங்கையோ தேக்கோ எடுங்க. மாமரம் வேண்டாம், பூச்சி அரிக்கும். கழுத்து வழியா ரேகை நீளவாக்குல ஓடற மாதிரி பலகையைத் திருப்பி வெச்சு வரையுங்க.

லேத்_பட்டறை, கிருஷ்ணகிரி

நல்ல வழி. ஸ்க்ரூவுக்கு: பெட்ரோல்ல கழுவிக் காய விட்டு, நீல நிற நடுத்தர திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராம பிடிக்கற பசை) ஒரு சொட்டு, அடியில பல் வாஷர். சிவப்பு நிறம் வேண்டாம், அப்புறம் சூடு காட்டினாத்தான் கழலும்.

ஓசூருக்கு எடுத்துட்டுப் போக நீளமான பை தெச்சுக்கங்க, பஸ்ல போங்க. ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கழட்டி மாட்டினா ஸ்க்ரூவோட திரெட்டும் போகும், குறியும் மாறும். பில்லோட நகலைப் பைக்குள்ளயே வைங்க.

தேன்கனி_10மீட்டர்

பாலக்கோடு அண்ணன் சொன்னபடி கம்பி போட்டு ஒட்டியாச்சு. ஸ்டாண்டு டிரில்ல ஓட்டை நேரா வந்தது. ரெண்டு நாள் காய விட்டு சுட்டுப் பார்த்தேன். பெல்லட் நாணய அளவுக்குள்ள வந்துடுச்சு. மொரப்பூர் அண்ணன் சொன்ன நெயில் பாலிஷ் கோடு முன்பக்கம் அப்படியே இருக்கு. ட்ரிகர் கார்டோட பின் ஸ்க்ரூவுல மட்டும் கோடு கொஞ்சம் விலகியிருக்கு. இறுக்கினா மறுபடியும் இறங்குது. இன்னும் இறுக்கலாமா?

ஆசாரி_வீட்டுப்_பையன், பாலக்கோடு

இறுக்காதீங்க தம்பி. அந்த ஸ்க்ரூவுக்கு அடியில மரம் நசுங்கிட்டிருக்கு, எவ்வளவு இறுக்கினாலும் அது இறங்கிட்டேதான் போகும். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, ஸ்க்ரூ தாராளமா நுழையற பித்தளைக் குழாய்த் துண்டு ஒண்ணை எபாக்சியில நிறுத்துங்க. குழாயோட மேல் முனை ரைபிளோட இரும்பையும், கீழ் முனை ட்ரிகர் கார்டையும் தொடணும், மரத்தை விட்டு முடி அளவு கூட உள்ளே போகக் கூடாது. அப்புறம் ஸ்க்ரூ இறுகறது பித்தளை மேல, மரத்து மேல பாரம் வராது.

தேன்கனி_10மீட்டர்

புரியுதுங்ண்ணா. குழாய் வெட்ட லேத்துக்கு நாளைக்குக் கிருஷ்ணகிரி வர்றேன்.