மொத்த மளிகைக்குச் சொந்த ஆர்டர் ஆப் தேவையா? லைன் வியாபாரத்தை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

டவுன்_மொத்தக்கடை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். திருநெல்வேலி டவுனில் மொத்த மளிகை. ஊர் ஊராக வண்டியில் சரக்கு போடும் லைன் நாலு ஓடுது: அம்பாசமுத்திரம் (சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியா விக்கிரமசிங்கபுரம் வரை), ஆலங்குளம்–பாவூர்சத்திரம், மானூர்–தேவர்குளம், நாங்குநேரி–வள்ளியூர். 340 கடை, 1,800 ஐட்டம், வருசத்துக்கு 9 கோடி விற்பனை. சேல்ஸ்மேன் வாரம் ஒருக்கா போய் சிட்டையில் ஆர்டர் எழுதி, சாயங்காலம் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். மறுநாள் கணக்குப்பிள்ளை டேலி கணக்கு சாப்ட்வேரில் பில் போடுவார். கடன் 15 நாள் என்பது பேச்சு. காசு வர 30 நாள் ஆகுது.

இப்போ பெரிய கம்பெனிகள் கடைக்காரர் போனிலேயே ஆர்டர் ஆப்பை ஏற்றிவிட்டன. மொத்த வியாபார ஆப்களும் விலை காட்டுது. நமக்கென்று ஒரு ஆப் செய்து தர ஒரு சாப்ட்வேர்காரர் 6 லட்சம் கேட்கிறார். போடலாமா? போட்டால் சேல்ஸ்மேன்களை என்ன செய்ய?

பேரேடு:

6 லட்சம் இப்போதைக்கு பேங்கிலேயே இருக்கட்டும். ஐட்டம் பட்டியல், பாக்கி, இருப்பு மூன்றும் ஒழுங்காகாமல் ஆப் போட்டால் சிட்டையில் இருக்கும் குழப்பம் கடைக்காரர் கண்முன்னால் போய் நிற்கும்.

டேலியைத் திறந்து பாருங்கள். ஒரே சோப்பு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஐட்டமாகக் கிடக்கும். பெயருக்கு ஒரே வரிசை வையுங்கள்: கம்பெனி, பொருள், எடை, கட்டு. எம்ஆர்பியைப் பெயரில் சேர்த்தால் விலை மாறும்போதெல்லாம் புது ஐட்டம் முளைக்கும். அதை பேட்ச்சில் (ஒவ்வொரு முறை வரும் சரக்குக்கும் தனி அடையாளம்) வையுங்கள். அலகு இரண்டு வேண்டும். ஷாம்புக்குப் பெட்டியும் சரமும், பருப்புக்கு மூடையும் கிலோவும். ஒரு பெட்டிக்கு எத்தனை சரம் என்பது தப்பினால் பெட்டி கேட்டவருக்குச் சரம் போகும். கடைக்காரர் வாயில் வரும் பெயரை மாற்றுப்பெயர் கட்டத்தில் தமிழிலேயே போடுங்கள்.

ஹெச்எஸ்என் எண்ணும் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) வரியும் ஐட்டத்தோடு கட்டியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது நினைவிருக்கும். ஐட்டம் பட்டியல் சரியாக இருந்தால் அது ஒரு ராத்திரி வேலை. அரிசியையும் பாருங்கள்: பெயரிட்டுக் கட்டிய பை 25 கிலோ வரை 5 சதவீதம், 26 கிலோ மூடைக்கு வரி கிடையாது. இரண்டையும் ஒரே ஐட்டமாக வைத்திருந்தால் உடனே பிரியுங்கள். வாரம் 300 ஐட்டம் வீதம், ஓடும் சரக்கிலிருந்து ஆரம்பித்தால் ஆறு வாரத்தில் முடியும்.

பாக்கிதான் பெரிய வேலை. வரவு போடும்போது எந்தப் பில்லுக்கு என்று காட்டாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று தட்டிவிட்டுப் போவது கணக்குப்பிள்ளைகள் வழக்கம். மொத்தப் பாக்கி சரியாக வரும். எந்தப் பில் எத்தனை நாளாக நிற்கிறது என்பது மட்டும் வராது. அந்த லட்சணத்தில் ஆப்பில் கடன் வரம்பைப் பூட்டினால் ஒழுங்காகக் கட்டுகிற கடைக்காரருக்கு ஆர்டர் நின்றுபோகும். ஒரு மாதத்தின் முதல் தேதியைக் குறித்து 340 கடைக்கும் பாக்கிச் சிட்டை அனுப்பி, கையெழுத்து வாங்கி, அடைபடாத பில்களை மட்டும் புதிதாக ஏற்றுங்கள். 15 நாள் கடனுக்கு வரம்பு என்றால் சராசரி வாரக் கொள்முதலில் இரண்டு மடங்கு சுமார். ஆனால் நடப்பு 30 நாள். எடுத்த எடுப்பில் இரண்டு மடங்கு வைத்தால் பாதி லைன் படுத்துவிடும். நாலரையில் தொடங்கி மாதம் அரை அரையாக இறக்குங்கள்.

இருப்புக்கு, தினமும் கடை திறந்ததும் ஓடும் ஐட்டம் 40-ஐ எண்ணினால் போதும். வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும்: பில்லில் ஏறாமல் போன இலவசச் சரக்கு, பதியாமல் திரும்பி வந்த சேதாரம். டேலி கணக்கின் காப்புப் பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும்; 2023 டிசம்பர் வெள்ளத்தை டவுன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லைன்_வண்டி:

பேரேடு அண்ணாச்சி சொன்னதெல்லாம் கடைக்குள்ள. லைன்ல நடக்கது வேற.

சேல்ஸ்மேனுக்கு ஆர்டர் மேல கமிஷன்னா, ஆப் வந்த அன்னைக்கே "அதுல சரக்கு ஒழுங்கா வராது, எங்கிட்டயே சொல்லுங்க"ன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிருவாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண, காசு அப்படி கட்டியிருக்கு. ஆப்ல வந்த ஆர்டரும் அவரு லைன் கணக்குலதான் சேரணும். கமிஷனைப் பிரிச்சிருங்க: பாதி 21 நாளுக்குள்ள வந்த வசூலுக்கு, கால்வாசி கடையில புதுசா ஏறுன ஐட்டத்துக்கு, மிச்சம் விற்பனைக்கு. முதல் மூணு மாசம் பழைய வருமானத்துக்குக் குறையாதுன்னு எழுத்துல குடுத்துருங்க. இல்லன்னா அவரு அடுத்த மொத்தக்கடைக்குப் போவாரு, கூடவே முப்பது கடையும் போகும்.

வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக்ல (படத்தோட சரக்குப் பட்டியல்) 500 ஐட்டம்தான் ஏறும்; ஓடுத 300 போட்டாப் போதும். விலையைப் போடாதீங்க, மறு நிமிசம் போட்டிக் கடைக்குப் போயிரும். பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பல பேருக்கு அனுப்புதது) உங்க நம்பரைச் சேமிச்சு வச்சவங்களுக்கு மட்டுந்தான் போகும். பாதிப் பேரு சேமிச்சிருக்க மாட்டாங்க, சேல்ஸ்மேனை விட்டுச் சேமிக்கச் சொல்லுங்க.

வாய்ஸ் நோட்டு வரும், தடுக்க முடியாது. "சோப்புத் தூள் பத்து"ன்னா பத்து பாக்கெட்டா, பத்து ரூபா பாக்கெட்டா? வாய்ஸ் நோட்டைக் கேட்ட நம்ம ஆளு பட்டியலைத் தட்டச்சு செஞ்சு கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பணும். கடைக்காரர் சரின்னு போட்டாத்தான் சரக்கு எடுக்கணும்.

ஆர்டர் சாயங்காலம் 7 மணியோட முடியணும். ராத்திரி சரக்கை எடுத்து வச்சு, காலையில கடைசிக் கடைச் சரக்கை முதல்ல ஏத்துங்க. வசூல் நாளை ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணாதீங்க. ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துத ஊர்ல கூலி பட்டுவாடா ஆனாத்தான் கடையில காசு புரளும். கோயில் கொடைத் திருவிழா நேரத்துல வெல்லம், பச்சரிசி, கற்பூரம் கூடுதலாக் கேப்பாங்க; அந்த ரெண்டு வாரத்துக்கு வரம்பைத் தளர்த்தி, தேதி போட்டு பழையபடி இறக்கிருங்க.

ஆப்ல ஆர்டர் போட்டா ஒரு சதவீதம் தள்ளுபடின்னு சொன்னா சீக்கிரம் பழகிருவாங்க.

டவுன்_மொத்தக்கடை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னும் ரெண்டு சந்தேகம். யுபிஐ பணம் அப்பா நம்பருக்கு வருது, யார் போட்டதுன்னே தெரியாமல் கணக்குப்பிள்ளை திணறுகிறார். அடுத்து, சொந்தப் பெயரில் பருப்பு பாக்கெட் போடலாம், மற்ற மொத்தக்கடைகளையும் ஆப்பில் சேர்க்கலாம் என்று தம்பி சொல்கிறான். எல்லாம் ஒரே நேரத்தில் செய்யலாமா?

சோதனை_லைன்:

ஒரே நேரத்தில் வேண்டாம். தம்பி சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஆனால் ஓடும் சோதனை ஒன்றுதான்.

முதலில் கடைக்காரர் உங்களுக்கு எதற்காகக் காசு தருகிறார் என்று பாருங்கள். வாசலில் சரக்கு, கடன், உடைந்ததைத் திருப்பி எடுப்பது. விலையை எந்த ஆப்பும் குறைத்துக் காட்டும். தேவர்குளத்துக்கு உள்ளே இருக்கும் கடைக்கு நாலு சரம் ஷாம்புவையும் ஒரு டின் எண்ணெயையும் கடனுக்குக் கொண்டுபோய் இறக்க ஆப் கம்பெனிகளுக்குக் கட்டாது. இந்துஸ்தான் யூனிலீவரின் ஷிகர் ஆப்பையே பாருங்கள்: கடைக்காரர் ஆர்டரை ஆப்பில் போட்டாலும் சரக்கை இறக்குவது பெரும்பாலும் அந்த ஊர் விநியோகஸ்தர்தான்.

ஆகவே மாற்ற வேண்டியது கடன் சுழலும் வேகம். உங்கள் கணக்கில் ஒரு லைனுக்கு மாதம் சுமார் 19 லட்சம். கைக்கணக்குக்கு 20 என்று வைப்போம். வசூல் 30 நாளிலிருந்து 21-க்கு இறங்கினால் 9 நாள் விற்பனை, 6 லட்சம், கையில் நிற்கும். ஓவர்டிராப்ட் வட்டி 10.5 சதவீதம் என்றால் வருசத்துக்கு 63,000 ரூபாய், ஒரு லைனில் மட்டும். ஆப்காரரிடம் இந்த மாதிரி ஒரு கணக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சோதனைக்கு அம்பாசமுத்திரம் லைனை எடுங்கள், கடைகள் ஒரே சாலையை ஒட்டி வரும். அதில் 30 கடை: பத்து சுறுசுறுப்பானவை, பத்து நடுத்தரம், பத்து இழுத்தடிப்பவை. நல்ல கடைகளை மட்டும் பொறுக்கினால் எந்தச் சோதனையும் ஜெயிக்கும், பயன் இருக்காது. 12 வாரம், டேலியோடு இணையும் ஆயத்த ஆர்டர் ஆப்பை மாதச் சந்தாவில். வாங்கும்போது கேட்க வேண்டியவை: நெட் இல்லாத இடத்தில் ஆர்டர் எடுக்குமா, தமிழ்ப் பெயர் காட்டுமா, மொத்தத் தரவையும் எக்செலில் எடுத்துக்கொள்ளலாமா. இணைப்பு இரு பக்கமும் எழுதினால் ஒரே பில் இரண்டு முறை ஏறும் ஆபத்து உண்டு. ஆர்டர் மட்டும் டேலிக்குள் போகட்டும், இருப்பும் பாக்கியும் மட்டும் வெளியே வரட்டும்.

வாரா வாரம் நாலு எண்: 7 மணிக்கு முன் வந்த ஆர்டர் எத்தனை சதவீதம், கேட்டதில் எத்தனை ஐட்டம் முழுசாகப் போனது, தப்பாகப் போனது எத்தனை, 21 நாள் தாண்டிய பாக்கி எவ்வளவு. சோதனையை எப்போது நிறுத்துவது என்பதையும் இன்றே எழுதுங்கள். 12-வது வாரத்தில் பாதி ஆர்டர்கூட ஆப் வழி வரவில்லை, வசூலும் 26 நாளுக்குக் கீழே வரவில்லை என்றால் சந்தாவை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்போடு இருங்கள். பொறுப்பு ஒரே ஆளிடம். அவருக்கு அந்த 12 வாரம் வேறு வேலை கூடாது. மாலையில் மட்டும் பார்க்கிறேன் என்று தம்பி சொன்னால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பருப்பு பாக்கெட் நல்ல யோசனை, மார்ஜின் அங்கேதான் இருக்கிறது. ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் பாக்கெட் போடுவதற்கு வணிகத்திலிருந்து தனி வகை, லேபிள் விதி, சரக்கில் முடங்கும் முதல் எல்லாம் உண்டு. லைனில் வசூல் சீரானபின் பாருங்கள். மற்ற மொத்தக்கடைகளைச் சேர்ப்பதை நான் மறந்துவிடச் சொல்வேன். உங்கள் கடைக்காரர் பட்டியலை நீங்களே போட்டியாளருக்குத் திறந்து விடுகிறீர்கள்.

பேரேடு:

லைன்_வண்டி சொன்ன ஒரு சதவீதத் தள்ளுபடி எனக்கு ஒப்பில்லை. ஆர்டர் போட்டதற்குக் காசு கொடுத்தால் சும்மா போடுவார்கள். சீக்கிரம் கட்டுவதற்குக் கொடுங்கள். அதிலும் கணக்கு உண்டு. 30 நாளில் வருவது 7 நாளில் வந்தால் மிச்சம் 23 நாள் வட்டி, 10.5 சதவீதத்தில் அது 0.66 சதவீதம். ஒரு சதவீதம் கொடுத்தால் கைநஷ்டம், அரை சதவீதம் சரி.

யுபிஐக்கு: கடையின் நடப்புக் கணக்கில் வணிகர் க்யூஆர் வாங்குங்கள். ஒட்டுகிற க்யூஆர் இல்லாமல், ஒவ்வொரு பில்லிலும் தொகையும் பில் எண்ணும் அடங்கிய க்யூஆர் அச்சாகும்படி செய்யச் சொல்லுங்கள். பேங்க் தரும் அறிக்கையில் பில் எண் வரும், வரவு அந்தப் பில்லிலேயே விழும். அப்பா நம்பரை மூன்று மாதம் வைத்திருந்து நிறுத்துங்கள்.

9 கோடி விற்பனை என்றால் மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ், அரசின் ஜிஎஸ்டி தளத்தில் பதிவாகும் பில்) உங்களுக்குக் கட்டாயம். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் எல்லோருக்கும் உண்டு. ஜிஎஸ்டி பதிவுள்ள கடைகளுக்கு மட்டுமே அது, பதிவில்லாத சின்னக் கடைகளுக்கு வேண்டாம். அதனால் கடைப் பட்டியலில் ஜிஎஸ்டி எண்ணை முதலில் சரிபாருங்கள். ஆர்டர் வந்ததுமே ஆப் அதை உருவாக்கும்படி அமைத்துவிடாதீர்கள். சரக்கு எடுக்கும்போது ஒரு ஐட்டம் குறைந்தாலும் அதைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுசாக ரத்து செய்து புது எண்ணில் போட வேண்டும், தாண்டினால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு). ராத்திரி சரக்கு எடுத்து எண்ணி முடித்தபின், வண்டி கிளம்புவதற்கு முன் உருவாக்குங்கள்.