ஆப்பிரிக்கப் பின்னல் எப்படி ஒழுங்குக் குறைவாயிற்று?

கேள்வி:
வணக்கம். 2016ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவிகள், தங்கள் இயல்பான சுருள்முடியைக் குறை கூறிய பள்ளி நடைமுறைகளை எதிர்த்துப் போராடினார்கள் என்று படித்தேன். பின்னலை ஒரு கலையாகவே வளர்த்த கண்டத்தில், பிறவியிலேயே வந்த முடி எப்படிக் குற்றமாயிற்று? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முதலில் அந்தக் கலையை அறிந்துகொண்டால்தான் இழப்பின் அளவு புரியும். நைஜீரியாவின் யொருபா மக்களுக்குத் தலை என்பது ஒருவரின் விதி குடியிருக்கும் இடம். ஆகவே முடி அலங்காரம் அவர்களுக்கு வெறும் ஒப்பனை அன்று. சீப்பின் கூர்நுனியால் வகிடெடுத்து, முடியை மூன்று காலாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் வகிட்டோரத்து முடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தலையோடு ஒட்டப் பின்னிச் செல்வார்கள். கறுப்பு நூலை இறுகச் சுற்றி, முடியைக் கம்பிபோல் நிமிர்த்தி வளைக்கும் முறையும் உண்டு. ஒளிப்படக் கலைஞர் ஒஜெய்கெரே 1968 முதல் பல ஆண்டுகள் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். சிற்பங்கள் என்றே தோன்றும்.

மறுமொழி 2:
குற்றமாக்கியதில் ஆட்சியாளர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. அட்லாண்டிக்கின் மறுகரையில், அப்போது ஸ்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த, இன்றைய அமெரிக்காவைச் சேர்ந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தேபான் மீரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் முடியைத் துணியால் மறைக்க வேண்டுமென 1786இல் ஆணையிட்டார்; அப்பெண்களோ பளிச்சிடும் துணிகளை விதவிதமாகக் கட்டி, அதையும் அழகாக்கிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் மக்களை இனவாரியாகப் பிரித்த காலத்தில், முடிக்குள் செருகிய பென்சில் கீழே விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்து ஒருவரின் இனத்தை முடிவு செய்தார்கள். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு இனமாகப் பதியப்பட்டதும் உண்டு என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

மறுமொழி 3:
அந்த அளவுகோல் பள்ளிகளில் இன்னும் நிலைத்திருக்கிறது. கானாவின் அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் மாணவிகள் முடியை ஒட்ட வெட்டியாக வேண்டும். வளர்ந்த பெண்கள் பலர் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த பசையைத் தடவி முடியை நேராக்குகிறார்கள். முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துச் சுருளை நீக்கும் அந்தக் காரம், தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கானாவின் விதியை அங்கே யாரும் எதிர்க்கவில்லையா?

மறுமொழி 3:
எதிர்த்திருக்கிறார்கள். சடைமுடி வளர்ப்பதை மத நெறியாகக் கொண்ட ராஸ்தஃபாரி சமயத்து மாணவர்கள் இருவரைச் சேர்க்க அக்ராவின் அச்சிமோட்டா பள்ளி மறுத்த வழக்கில், 2021 மே மாதம் உயர் நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்கள் மத உரிமையை முன்வைத்து வென்றார்கள். பின்னலிட்டுப் பள்ளிக்கு வர விரும்பும் மற்ற மாணவிகளுக்கு அந்தத் தீர்ப்பு வழிதிறக்கவில்லை.