நின்ற லாரியின் பின்னால் மோதினால் இழப்பீடு கிடையாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டைல்ஸ்காரர் வீடு, சூளகிரி:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 38 வயது. ஓசூர் பக்கம் அபார்ட்மென்ட் கட்டும் இடங்களில் டைல்ஸ் போடுவார். நான்கு மாதத்துக்கு முன்னால் இரவு ஒன்பதரை மணி வாக்கில் வேலை முடிந்து பைக்கில் வந்தவர், சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டிலேயே நின்ற ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் மோதிவிட்டார். லாரி ஓரத்தில் ஒதுங்கி நிற்கவில்லை, இடது டிராக்கை முழுசாக அடைத்து நின்றிருக்கிறது. பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை, முக்கோணப் பலகையும் வைக்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. வலது தொடை எலும்பும் முட்டியும் உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆரில் இவர் மேலேயே எழுதிவிட்டார்கள். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதி” என்று இருக்கிறது. அவர் அப்போது மயக்கத்தில் இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்குவதில்லை. போன வாரம் வீட்டுப் பின்கட்டில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதை வைக்கலாம் என்று ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனார். குத்தவைத்து உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி, அப்படியும் முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்து வந்துவிட்டார். டாக்டர் 30 சதவீதம் ஊனம் வரும் என்கிறார்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து என்று சொல்லி ஒருவர் வீட்டுக்கு வந்தார். “எஃப்.ஐ.ஆர் உங்கள் மேல் இருப்பதால் கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் வராது, ஒன்றரை லட்சம் வாங்கித் தருகிறேன்” என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்த இன்னொருவர், தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், வருவதில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்று வெற்றுத் தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார். லாரி ராஜஸ்தான் வண்டி. இவருடைய லைசென்ஸும் விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால் காலாவதி ஆகியிருக்கிறது. எங்களுக்கு வழி இருக்கிறதா?

பழைய குமாஸ்தா, தர்மபுரி:

அம்மா, வழி இருக்கிறது. முதல் வேலையாக அந்த வெற்றுத் தாள்களில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற தொகையில் சதவீதம் பேசி வக்கீல் ஃபீஸ் வாங்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேஸ் பிடிக்கிறவர்களிடம் கேஸ் கட்டைக் கொடுத்துவிட்டு, பல வருடம் கழித்துக் கையில் பாதிகூட வராமல் கோர்ட் வாசலில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு மனுக் கட்டுகளோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்களுக்கு அவசரம் எதில் என்றால் தேதியில். 1.4.2022 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது. ஊனச் சான்றிதழ் வரட்டும், குற்றப்பத்திரிகை வரட்டும் என்று உட்கார வேண்டாம். அவற்றைப் பின்னால் தாக்கல் செய்யலாம். வட்டியும் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. ராஜஸ்தானுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. லாரி ஓனர் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலேயே கேஸ் நடக்கும். பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதான். மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரர் மாதிரி வெளியாளுக்கு, ஏற்பட்ட காயத்துக்கு அவர்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. வண்டி நம்பரைப் போட்டு எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் பார்த்தால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று தெரியும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர் விஷயத்துக்கு வருகிறேன். அது போலீசின் முதல் தகவல், அவ்வளவுதான். தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டது இல்லை. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்வதும் இல்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பார்ப்பார்கள். ரோட்டில் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாக்கும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவு சொல்கிறது. 2024-இல் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. நெடுஞ்சாலையில் விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் விட்டுப்போன டிரெய்லரில் கார் மோதியது. கார் ஓட்டியவர் மேல் பாதித் தவறு என்று கீழ்க் கோர்ட்டுகள் சொன்னதை மாற்றி, லாரிப் பக்கமே முழுப் பொறுப்பு என்றார்கள். உங்கள் வக்கீலிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்து விவரத்தை எழுதி, ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றின் நகலும் வேண்டும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே சாலை விபத்து ஆவணங்களைப் பதிவிறக்கும் வசதி உண்டு. லாரி ரோட்டின் நடுக் கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றது என்பது ஸ்கெட்ச்சில் இருக்கும். எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருந்தாலும், பல கேஸ்களில் அந்த ஓர் அளவுதான் எங்களைக் காப்பாற்றியது.

லைசென்ஸ் காலாவதி ஆனதற்காக அவர்தான் விபத்துக்குக் காரணம் என்று ஆகிவிடாது. லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்கு ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது.

இனி அந்த ஒன்றரை லட்சம். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் தவறு என்றே பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 164-ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் உண்டு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். தவறே உங்கள் பக்கம் என்று வாதிடுகிறவர்கள்கூட அதற்குக் கீழே பேச முடியாது. அவர்கள் கணக்கு எப்படி என்றால், 30 சதவீதம் ஊனம், சதவீதத்துக்கு 5,000 ரூபாய், ஆக 1,50,000. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தலாம். டைல்ஸ் போடுகிறவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்று 2010-இல் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, இரண்டாவதைத்தான் தீர்ப்பாயம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். முட்டி மடங்காதவர் டைல்ஸ் போட முடியாது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும், ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 15. மொத்தம் 37,80,000. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்று எடுத்தால் 15,12,000. இதற்கு மேல்தான் வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, சத்துணவு, வண்டி வாடகை, பிளேட் எடுக்க இன்னொரு ஆபரேஷன் செலவு எல்லாம். இவ்வளவும் அப்படியே வரும் என்று நான் சொல்லவில்லை. வருமானத்தைக் குறைப்பார்கள், உங்கள் பக்கமும் கொஞ்சம் தவறு என்று பிடிப்பார்கள். ஆனாலும் ஒன்றரை லட்சத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

நாமக்கல் லோடு:

அக்கா, நான் கன்டெய்னர் ஓட்டுகிறவன். டயர் வெடித்தோ ஏர் லாக் ஆகியோ வண்டி டிராக்கிலேயே நின்றுபோவது உண்டு, நகர்த்தவே முடியாது. அப்போதும் நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, முக்கோணத்தைத் தூரத்தில் வைத்து, கிளீனரை டார்ச்சோடு பின்னால் நிறுத்துவோம். பேட்டரி செத்துவிட்டது என்றால் மரக்கிளையை ஒடித்தாவது போடுவோம். அதுகூடச் செய்யாமல் இரவில் வண்டியை விட்டுவைத்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஒரு டிரைவராகச் சொல்கிறேன்.

லாரி அப்போதுதான் நின்றது, இறங்கி விளக்குப் போடுவதற்குள் உங்கள் வீட்டுக்காரர் மோதிவிட்டார் என்று அவர்கள் தரப்பில் சொல்வார்கள். அதை உடைக்க ஃபாஸ்டேக் கணக்கைக் கேளுங்கள். பெங்களூரிலிருந்து வந்த வண்டி என்றால் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிய நேரம் அதில் நிமிடக் கணக்கில் இருக்கும். அங்கிருந்து சூளகிரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். எத்தனை நேரம் நின்றது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் இன்னும் துல்லியம். நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்திருந்தால் அவர்கள் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு யாராவது போன் செய்திருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். நீங்கள் கேட்டால் தர மாட்டார்கள், தீர்ப்பாயம் மூலம் சம்மன் அனுப்பினால் கொண்டுவந்தே ஆக வேண்டும். பின்பக்கம் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை இருந்ததா, சேறு மூடியிருந்ததா என்பதையும் போட்டோவில் பாருங்கள்.

டைல்ஸ்காரர் வீடு, சூளகிரி:

அண்ணா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்து டீக்கடைத் தம்பி அன்றைக்குப் போனில் வீடியோ எடுத்திருக்கிறான். லாரியின் பின்பக்கம் கும்மிருட்டாக இருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

இன்னும் இரண்டு சந்தேகம். இவருக்குச் சம்பளச் சீட்டு என்று எதுவும் கிடையாது, சதுர அடிக் கணக்கில் மேஸ்திரி கொடுப்பார். வருமானத்தை எப்படிக் காட்டுவது? ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தது. அந்தச் செலவையும் கேட்கலாமா?

வலது கால், சேலம்:

நானும் டிப்பர் மோதிக் கால் போனவன்தான். கேஸ் முடிந்து பணமும் வாங்கிவிட்டேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, பாருங்கள் அக்கா. தொழில் டைல்ஸ் என்று அதில் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய பணம் பாங்க் ஸ்டேட்மென்ட்டில் வரும், ஒரு வருடத்துக்கு எடுங்கள். அளவு எழுதிவைத்த நோட்டு இருந்தால் கிழியாமல் பத்திரப்படுத்துங்கள். என் கேஸில் மேஸ்திரியே கூண்டேறி, இவருக்கு இவ்வளவு கூலி கொடுத்தேன் என்று சொன்னார். குறுக்கு விசாரணையில் ரசீது எங்கே, வரி கட்டினாயா என்று துளைத்தார்கள், மனிதர் அசரவில்லை. எழுத்தில் ஆதாரமே இல்லாத ஒரு காய்கறி வியாபாரிக்கும் நியாயமான வருமானத்தை மதிப்பிட்டுக் கொடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது என்று என் வக்கீல் எடுத்துக் காட்டினார்.

பழைய குமாஸ்தா, தர்மபுரி:

சேலம் தம்பி சொன்னது அத்தனையும் சரி. காப்பீட்டுத் திட்டத்தில் போன தொகைக்கு உங்கள் கையில் பில் இருக்காது, அதை மருத்துவச் செலவாகக் கேட்க முடியாது. வெளியில் வாங்கிய மருந்து, ஸ்கேன், வாக்கர், பிசியோதெரபி பில்களைத் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்றிதழ், எக்ஸ்ரே படங்களும் ஒரே பையில் இருக்கட்டும்.

ஊனச் சான்றிதழுக்கு மருத்துவக் குழுவிடம் போகும்போது அவர் செய்யும் வேலை என்ன என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, குத்தவைத்து உட்கார முடியுமா, மண்டியிட முடியுமா, பாரம் தூக்கிப் படியேற முடியுமா, இதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். வெறும் சதவீதம் மட்டும் எழுதி வந்தால், டாக்டரைச் சாட்சியாக அழைத்து இதே கேள்விகளை வக்கீல் கேட்க வேண்டும். நிறைய கேஸ்களில் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் சதவீதத்துக்கு 5,000 என்ற கணக்கிலேயே தீர்ப்பு முடிந்துபோகிறது.

வீடியோ எடுத்த தம்பியிடம் அதை அழிக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது நகல்தான், எடுத்த நேரமெல்லாம் மூலத்தில்தான் இருக்கும். கோர்ட்டில் அதை ஆதாரமாகப் பதிய 2023 சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதை வக்கீல் தயார் செய்வார்.

வக்கீலுக்குக் கையில் பணம் இல்லையென்றால் கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் விவரம் சொல்வார்கள். பின்னால் லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கலாம் என்று கூப்பிட்டால் போங்கள், ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. தொகை சரியில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் வரலாம், கேஸ் அப்படியே நடக்கும்.

டைல்ஸ்காரர் வீடு, சூளகிரி:

வாரிய அட்டை இருக்கிறது அண்ணா, டைல்ஸ் பதிப்பவர் என்றுதான் போட்டிருக்கிறது. டீக்கடைத் தம்பியிடம் பேசிவிட்டேன், வீடியோ அவன் போனில் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை கிருஷ்ணகிரி போகிறோம்.