மறு: லைட் சீல் – ‘ஒளிமுத்திரை’ மட்டும் வேண்டாம்

நண்பர்களே, வணக்கம்.

பழைய பிலிம் கேமராக்களை வீட்டிலேயே பழுதுபார்ப்பதற்கு நான் எழுதிக்கொண்டிருக்கும் கையேடு ‘லைட் சீல்’ என்ற ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேமராவின் பின்கதவு இடுக்கு வழியே ஒளி உள்ளே போகாமல் அடைக்கும் பட்டைதான் அது, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தேன். உங்களில் ஒருவர் அனுப்பிய ‘ஒளிமுத்திரை’ என்ற பரிந்துரையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். சீல் என்றால் முத்திரையும்தான், ஆனால் இங்கே யாரும் எதன்மேலும் குத்தவில்லையே, இடுக்கை அல்லவா அடைக்கிறோம்!

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடலாம். நேற்று மேசையில் இருந்தது ஒரு பென்டாக்ஸ் கே1000, 1976-இல் வந்த மாடல். பின்கதவைத் திறந்தால் மேலும் கீழும் ஒடுக்கமான இரண்டு காடிகள், கீல் பக்கம் ஒரு பட்டை. அங்கே ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஃபோம் இத்தனை வருடம் காற்றின் ஈரத்தில் இற்றுப்போய், தொட்டால் விரலோடு வரும் கறுப்புப் பிசுக்காகியிருந்தது. கதவின் கீல் பக்கம் தோணிக்குப் பூசும் கீல்! மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். ஒரு துணுக்கு போய், படமெடுக்கும்போது மட்டும் திறந்து பிலிமுக்கு ஒளி விடும் ஷட்டர் திரைமேல் உட்கார்ந்துகொண்டது, அது ரப்பர் பூசிய மெல்லிய துணி, அதை அலுங்காமல் எடுத்து முடிக்கும்வரை மூச்சே விடவில்லை. அப்புறம் காடிகளில் ஃபோமுக்குப் பதிலாகக் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஆகவே ‘ஃபோம் பட்டை’ என்ற பரிந்துரையும் அடிபட்டுப் போகிறது. ஃபோம் செய்கிற வேலையைக் கம்பளி நூல் செய்கிறது, பிலிம் உருளையின் வாயில் ஒட்டியிருக்கும் வெல்வெட்டும் அதையேதான் செய்கிறது. ஃபோம் வருவதற்கு முந்திய பல கேமராக்களில் ஆழமான காடியும் அதற்குள் இறங்கும் கதவு விளிம்பும் மட்டும்தான். உள்ளே நுழைந்த ஒளி திரும்பித் திரும்பிக் கறுப்புப் பூச்சிலேயே செத்துவிடும். செய்பொருளை வைத்துப் பெயர் வைத்தால் நாளைக்கே பொய்யாகும், வேலையை வைத்துத்தான் வைக்க வேண்டும்.

> ஒளித்தடுப்பு என்றால் என்ன குறை?

குறை இதுதான்: ஷட்டரும் ஒளித்தடுப்பு, லென்ஸ் மூடியும் ஒளித்தடுப்பு. கேமராவில் பாதி உறுப்புகளுக்கு அதுதானே வேலை.

> ஒளியடைப்பு? இல்லாவிட்டால் சுருக்கமாக அடைப்பான்?

அடைப்பானில் எனக்குப் பயம். அது ஆடு மாடுகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸின் பெயர். “உங்கள் கேமராவுக்கு அடைப்பான் மாற்ற வேண்டும்” என்று எழுத என் கை வராது. ஒளியடைப்பு எனக்கும் முதலில் பிடித்திருந்தது, ‘கதவை அடை’ என்கிற அதே வினை, வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம், கைதியைச் சிறையில் அடைக்கிறோம். அந்த வரிசையில் பார்த்தால் ஒளியடைப்பு என்பது ஒளியை உள்ளே பூட்டிவைப்பது ஆகிவிடுகிறது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்! அடைபடுவது ஒளி இல்லை, அது கசியும் இடுக்கு.

அதனால் என் பரிந்துரை: கசிவடைப்பு. லைட் லீக்குக்கு ‘ஒளிக்கசிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கலர் நெகட்டிவ் பிலிமில் சிவப்பை உணரும் படலம் அடிப்பக்கத்தில் இருப்பதால், பின்கதவு வழியாக வரும் ஒளி அதில்தான் முதலில் படும், படத்தில் செம்மஞ்சள் தீற்றலாக விழும். அந்தத் தீற்றல் ஒளிக்கசிவு, அதை நிறுத்துவது கசிவடைப்பு. இரண்டு சொல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் பம்பின் வாஷருக்கும் இது பொருந்துமே என்று யாராவது கேட்பீர்கள். பொருந்தட்டும், அதுவும் இதே வேலைதானே.

ஒன்றே ஒன்று. லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளிருக்கும் ஒரு கண்ணாடியால் மேலே திருப்பிக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராவில், படமெடுக்கும்போது அந்தக் கண்ணாடி மேலே எழும்பி மோதும் இடத்திலும் ஒரு ஃபோம் துண்டு உண்டு. கடைகளில் இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்பதால் பலரும் அதையும் லைட் சீல் என்றே சொல்கிறார்கள். அதன் முதல் வேலை அடியைத் தாங்குவது. அதற்குக் ‘கண்ணாடி மெத்தை’ போதும். அங்கே சுத்தம் செய்யும்போது ஆல்கஹால், மேலே காட்சி விழும் ஃபோகஸ் திரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் என்றால் மங்கிவிடலாம்.

பிசுக்குக்கும் ஒரு கலைச்சொல் கேட்டிருந்தார் ஒருவர். ஐயா, பிசுக்கு என்பதே நல்ல தமிழ்தான், அதை விட்டுவிடுவோம்.