கோதுமையை நிறுத்திவிடலாமா?

திருநகர்வாசி: புரோட்டாவோ சப்பாத்தியோ சாப்பிட்டால் மறுநாள்வரை வயிறு உப்புசம், இட்லிக்கும் கம்மங்கூழுக்கும் ஒன்றுமில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சேர்ந்த உணவை அடியோடு விட்டுவிடலாமா?

மேலூர்க்காரன்: இப்பவே நிறுத்தாதீங்க அண்ணே. முதலில் சீலியாக் நோய்க்கான (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனை எடுங்க. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கணும், நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லையென்று வந்துவிடலாம்.

திருமங்கலம் அம்மா: என் மகளுக்குச் சீலியாக். ரவை, சேமியா, மைதா ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைப் படித்துத்தான் வாங்குவேன். அரிசி, கேழ்வரகு, தினை தாராளமாகச் சாப்பிடுகிறாள்.

மேலூர்க்காரன்: சோதனையில் ஒன்றுமில்லையென்றால் கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்ற, எளிதில் செரிக்காத மாவுச்சத்து வகையும் காரணமாக இருக்கலாம். அது வெங்காயத்திலும் உண்டு, சால்னாவையும் கவனிங்க.