மறுமொழி: ராஜகோபுரத் திருப்பணி நன்கொடை

தலைவர் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கோயில் ராஜகோபுரத்துக்குக் குவாரி முதலாளி தருவதாகச் சொல்லும் 40 லட்சத்தை நாம் வாங்கக் கூடாது. அவர் தேர்தலில் நிற்கட்டும், ஜெயிக்கட்டும், அது வேறு. மலையடிவாரத்தில் நில அளவைக் கற்களைக் காணோம் என்று ஊருக்குப் போய்வந்த சின்ன அத்தை பதறிப்போய்ச் சொன்னார். அதற்கு இங்கே ஒருவரும் பதில் எழுதவில்லை.

துபாய் மாமா, சாமிக்குக் கொடுப்பவரிடம் கணக்குக் கேட்பது ஊருக்கே அவமானம் என்கிறீர்கள். கர்நாடகத்தின் பெல்லாரியில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அங்கே சுரங்க அதிபராக இருந்த ஜனார்த்தன ரெட்டி போலீஸ் கான்ஸ்டபிளின் மகன். நிதி நிறுவனம் நடத்திவிட்டு ஓபுளாபுரம் இரும்புத் தாதுச் சுரங்கத்தில் இறங்கினார். சீனா இரும்புத் தாதுவை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. விடிய விடிய லாரிகள் ஓடும். தாதுத் தூசியில் வேப்பிலைகூடச் சிவந்து கிடக்கும். 2008இல் கர்நாடக அமைச்சரானார். 2009இல் ஏழுமலையானுக்கு 40 கோடிக்கு மேல் மதிப்புள்ள வைரக் கிரீடம் கொடுத்தார்.

அதற்கு முன்பே, கர்நாடக–ஆந்திர எல்லைக்கு அடையாளமாக நின்ற சுக்கலம்மா கோயில் சுரங்க வெடியில் தகர்ந்துவிட்டது. அவர் நிறுவனம் எல்லைக் குறிகளை அழித்ததாகவும் புகார் எழுந்தது. 2011 ஜூலையில் ஊழல் புகார்களை விசாரிக்கும் கர்நாடக லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே அறிக்கை கொடுத்தார்: சட்டவிரோதச் சுரங்கத்தால் மாநிலத்துக்கு 16,000 கோடிக்கு மேல் இழப்பு. எடியூரப்பாவின் முதல்வர் பதவி போயிற்று. செப்டம்பரில் ரெட்டியை சி.பி.ஐ. கைது செய்தது, ஜாமீன் கிடைக்க 2015 ஆனது. பிறகு தனிக்கட்சி, 2023இல் கங்காவதியில் வெற்றி, 2025 மே மாதம் ஓபுளாபுரம் சுரங்க வழக்கில் ஏழாண்டுச் சிறைத்தண்டனை. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

அவர் கைதானதும், கிரீடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று தேவஸ்தானத்தை நோக்கிக் குரல்கள் எழுந்தன. கிரீடத்தையாவது கழற்றிக் கொடுக்கலாம். கட்டி முடித்த கோபுரத்தை நாம் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தேர்ச் சக்கரப் பணத்துக்கு ரசீது கேட்ட என் அப்பாவைக் கூட்டத்தில் உட்காரவிடாமல் செய்தது யார் என்று மாமாவுக்குத் தெரியும். அந்த வலி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு நாம் எல்லாரும் ஏறிய மலை அது. சுனைப் பக்கம் இப்போது போகவே முடியவில்லையாம்.

முதலில் சர்வேயரை வைத்து மலையை அளக்கத் தாசில்தாரிடம் சங்கத்தின் பெயரில் மனுக் கொடுப்போம். செலவுக்கு என் பங்காக 10,000 ரூபாயைப் பொருளாளர் கணக்கில் செலுத்திவிட்டேன். ரசீது அனுப்பவும்.